ஒங்கோல் காளை எப்போது நெலோரே ஆனது? மாட்டினம் பற்றி ஓர் எளிய விளக்கம்

2023-இல் பிரேசிலில் நடந்த ஓர் ஏலத்தில் வியாடினா-19 என்ற வெள்ளைப் பசுவின் மூன்றில் ஒரு பங்கு சுமார் 70 லட்சம் ரெயாலுக்கு (பிரேசில் நாணயம்) விலைபோனது. முழுப் பசுவுக்கும் கணக்குப் போட்டால் 2 கோடியே 10 லட்சம் ரெயால். எடை 1,100 கிலோ. உலகிலேயே விலை உயர்ந்த பசு என்று கின்னஸ் பதிவிலும் இடம் கிடைத்தது. இந்தச் செய்தி இங்கே 'நெல்லூர் பசு 40 கோடி ரூபாய்' என்று வந்து கைபேசி கைபேசியாகச் சுற்றியது. சிலருக்கு ஒரே பெருமை. சிலருக்கோ 'நம்ம மாட்டைக் கொண்டுபோய் அவன் சம்பாதிக்கிறானே' என்ற ஆதங்கம்.

இரண்டுமே எனக்குப் புரிகிறது. ஆனால் பெருமைப்படவும் ஆதங்கப்படவும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அது நெல்லூர் மாடுதானா? பிரேசிலில் இந்த இனத்துக்கு நெலோரே என்று பெயர். அந்தப் பெயர் நெல்லூரிலிருந்து போனது, சந்தேகமில்லை. காளைகளும் ஆந்திரக் கடலோரத்திலிருந்து போனவைதான். ஆனால் அந்த இனத்தின் உடல்கட்டு, குணம், செய்யும் வேலை எல்லாம் இன்று வேறு. தாய்வழி வம்சமே பல மாடுகளில் வேறு. இது எப்படி நடந்தது என்று பார்த்தால் மாட்டினம் என்பது என்ன என்பதும் பிடிபடும்.

அடிப்படையிலிருந்து வருவோம். உலகின் வீட்டு மாடுகளில் இரண்டு பெரிய கிளைகள் உண்டு. ஒன்று திமில் உள்ள இந்திய வகை, மற்றது திமில் இல்லாத ஐரோப்பிய வகை. காட்டு மாட்டைப் பழக்கியது இரண்டு இடங்களில் தனித்தனியாக நடந்தது. மேற்காசியாவில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பும், சிந்து சமவெளிப் பக்கத்தில் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பும் நடந்ததாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இந்த இரண்டு கிளைகளும் கூடினால் கன்று பிறக்கும், அந்தக் கன்றும் வளர்ந்து கன்று ஈனும். நம் ஊர்க் கொட்டகைகளில் நிற்கும் ஜெர்சிக் கலப்புப் பசுக்களே சாட்சி. இவ்வளவு பெரிய கிளைகளுக்கு நடுவிலேயே இயற்கை சுவர் வைக்கவில்லை என்றால், ஒரே கிளைக்குள் இருக்கும் காங்கேயத்துக்கும் ஒங்கோலுக்கும் நடுவில் சுவர் ஏது?

அந்தச் சுவரைக் கட்டியவர்கள் மாடு வளர்த்தவர்கள். எந்தப் பசுவுக்கு எந்தக் காளை, எந்தக் கன்றை வைத்துக்கொள்வது, எதைச் சந்தைக்கு ஓட்டுவது என்று தலைமுறை தலைமுறையாக எடுத்த முடிவுகள் சேர்ந்து ஒரு வட்டாரத்து மாட்டுக்கு ஒரு சாயலைத் தருகின்றன. மண், தீவனம், வெயில், நோய் எல்லாம் தம் பங்குக்கு வடிகட்டும். இப்படி வந்ததுதான் இனம். முடிவு எடுப்பவர்களின் தேவை மாறினால் இனமும் மாறிவிடும், பெயர் மட்டும் அப்படியே இருக்கும்.

பழைய மாட்டுச் சந்தையில் இனத்துக்குப் பட்டியல் எதுவும் கிடையாது. மயிலையா, செவலையா, காரியா, கொம்பு எப்படி, சுழி எங்கே, பல் எத்தனை என்று பார்ப்பார்கள். அதற்கு மேல் 'எந்தப் பக்கத்து மாடு' என்ற ஒரு கேள்வி போதும். மாடு தன் காலால் நடந்து போகும் தூரம்தான் அதன் உலகம் என்பதால், ஊரின் பெயர் சொன்னாலே மாட்டின் குணம் தெரிந்துவிடும்.

அதைக் காகிதத்துக்குக் கொண்டுபோனது இங்கிலாந்து. 18-ஆம் நூற்றாண்டில் லெஸ்டர்ஷயர் பகுதியின் டிஷ்லியில் ராபர்ட் பேக்வெல் என்ற விவசாயி, அதுவரை பலரும் தயங்கிய ஒன்றைத் துணிந்து செய்தார். தமக்கு வேண்டிய குணமுள்ள கால்நடைகளை நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்து, அந்தக் குணத்தைக் கன்றுகளில் நிலைக்க வைத்தார். நகரங்கள் பெருகிக்கொண்டிருந்த காலம், இறைச்சிக்கு நல்ல கிராக்கி. அவருக்குப் பின் டர்ஹம் பகுதியில் காலிங் சகோதரர்கள் அதே வழியில் ஷார்ட்ஹார்ன் மாடுகளை வளர்த்தார்கள். அவர்களுடைய காமெட் என்ற காளை 1810-இல் 1,000 கினிக்கு (அந்தக் கால இங்கிலாந்துத் தங்க நாணயம்) விற்றது. 1822-இல் ஜார்ஜ் கோட்ஸ் ஷார்ட்ஹார்ன் மாடுகளின் வம்சாவளியைத் தொகுத்து அச்சிட்டார். மாடுகளுக்கென்று அச்சான முதல் பதிவேடு அது.

இந்தப் பதிவேடு மாட்டுக்குக் குடும்ப அட்டை மாதிரி. பெயர் அதில் இருந்தால் அந்தக் குடும்பம், இல்லாவிட்டால் பார்வைக்கு அச்சு அசலாக இருந்தாலும் வெளி ஆள். மாட்டின் அடையாளம் ஊரை விட்டுக் காகிதத்துக்கு மாறியது இங்கேதான். இதில் பெரிய நன்மை உண்டு. யாருடைய கன்று எது என்று தெரிந்தால்தான் எந்தக் காளை நல்ல பிள்ளை கொடுக்கிறது என்று தெரியும். ஆனால் பதிவேட்டை மூடிவிட்டால் இனம் அப்படியே உறைந்து நின்றுவிடும் என்ற நினைப்பும் அதோடு சேர்ந்து வந்தது. அது தவறு என்பதற்கு ஹெர்ஃபோர்டு மாடே போதும்.

சிவப்பு உடல், வெள்ளை முகம். பதிவேட்டில் அதே பெயர், அதே வம்சம். 18-ஆம் நூற்றாண்டில் இது இங்கிலாந்தில் ஏர் இழுத்து, வயதான பிறகு கறிக்குப் போன பெரிய மாடு. அமெரிக்காவுக்குப் போய், 1940-50களில் கண்காட்சி நடுவர்களின் ரசனைக்கு ஏற்பக் குட்டையாக, கட்டையாக, தரையோடு ஒட்டினாற்போல் ஆகிவிட்டது. குட்டையான காளைக்கே பரிசு, பரிசு வாங்கிய காளைக்கே கிராக்கி. அப்புறம் மந்தைகளில் குள்ளக் கன்றுகள் பிறக்க ஆரம்பித்தன. மூச்சுவிடவே திணறும், பெரும்பாலும் பிழைக்காது. காரணம் ஒரு மறைந்திருக்கும் மரபணு. அது இரட்டையாக வந்தால் குள்ளம், ஒற்றையாக வந்தால் மாடு சற்றே கட்டையாக, நடுவர் கண்ணுக்கு அழகாக இருக்கும். அதனால் பரிசு கொடுத்தவர்கள் தங்களுக்குத் தெரியாமலே அந்த மரபணுவைத் தேடித் தேடிப் பரப்பிவிட்டார்கள். ஒற்றை மரபணு உள்ள காளையும் பசுவும் கூடினால் நாலில் ஒரு கன்று குள்ளமாகப் பிறக்க வாய்ப்பு உண்டு. வம்சாவளியைத் தோண்டிப் பார்த்து அந்த வழிகளை ஒதுக்கினார்கள். பிறகு உயரத்தின் மேல் மோகம் வந்து, 1980களில் அதே ஹெர்ஃபோர்டு நெட்டை மாடாக நின்றது. வெளி ரத்தமே சேர்க்காமல், முப்பது நாற்பது ஆண்டுகளில், ஒரு பெயருக்குள் இத்தனை உருவம்.

சரி, நம் ஒங்கோலுக்கு வருவோம்.

ஒங்கோல், குண்டூர், நெல்லூர் பகுதிகள் அன்றைக்குச் சென்னை மாகாணத்தில் இருந்தவை. பல இடங்களில் கரிசல் மண். நனைந்தால் காலைப் பிடித்து இழுக்கும், காய்ந்தால் கல்லாகும். அதை உழ நீண்ட கால், அகன்ற தோள், பெரிய திமில், நெடுநேரம் இழுக்கும் பொறுமை எல்லாம் உள்ள எருது வேண்டும். அந்த எருதைப் பெறும் பசு வீட்டுக்குக் கொஞ்சம் பாலும் தர வேண்டும். இந்த இரண்டு தேவைகளும் சேர்ந்து உருவாக்கியது ஒங்கோல். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் கோயில் காளை. வீட்டில் ஒருவர் இறந்தால் அவர் நினைவாக ஒரு காளைக்கன்றை நேர்ந்துவிடும் வழக்கம் அங்கே இருந்தது. ஏதோ ஒரு கன்றை விட்டுவிட மாட்டார்கள், தாயைப் பார்த்து, கட்டைப் பார்த்து நல்ல கன்றாக எடுப்பார்கள். அது எந்த வயலில் மேய்ந்தாலும் யாரும் விரட்டுவதில்லை. ஊர்ப் பசுக்களுக்கெல்லாம் அதுதான் பொலிகாளை. பதிவேடு கிடையாது, சங்கம் கிடையாது, ஆனாலும் தேர்வு நடந்துகொண்டே இருந்தது. இனவிருத்தி என்பது ஐரோப்பாவிலிருந்து கற்றுக்கொண்டது என்று சொல்பவர்கள் இந்தக் கோயில் காளையைக் கணக்கில் எடுப்பதில்லை.

இந்த மாடுகள் பிரேசிலுக்குப் போன கதை துண்டு துண்டாகத்தான் தொடங்குகிறது. 1868-இல் இங்கிலாந்துக்குப் போகும் வழியில் சால்வடோர் துறைமுகத்தில் நின்ற கப்பலில் ஒரு ஜோடி இருந்தது, அங்கேயே விற்றுவிட்டார்கள். 1878-இல் ரியோ பக்கத்து விவசாயி மனுவேல் லெம்க்ரூபர் ஜெர்மனியின் ஹாம்பர்க் விலங்குக் காட்சிசாலையிலிருந்து ஒரு ஜோடி வாங்கினார். அன்று பிரேசிலில் மாடு என்றால் போர்ச்சுகீசியர்கள் கொண்டுவந்த திமில் இல்லாத வகை. வெயிலும் உண்ணியும் அவற்றைப் பாடாய்ப் படுத்தின. திமில் மாடோ வெயிலில் நின்று மேய்ந்தது. வெள்ளை ரோமம் வெயிலைத் திருப்பிவிடும், அதற்குக் கீழே உள்ள கறுத்த தோல் பாதுகாக்கும், தளர்ந்த தோலும் வியர்வையும் உடல் சூட்டைத் தணிக்கும். விஷயம் பரவியதும் பிரேசிலின் உபெராபா ஊர் வியாபாரிகள் கப்பலேறி இந்தியாவுக்கே வந்து மாடு பிடித்தார்கள்.

இதில் ஒரு விபத்தும் நடந்தது. 1920-இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போன திமில் மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கப்பட்டன. அவற்றோடு மாடுகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும் வெக்கை என்ற தொற்றுநோயும் இறங்கி, பெல்ஜிய மாடுகளிடம் பரவியது. மறு ஆண்டு பிரேசிலிலும் வெக்கை வர, இறக்குமதியை அரசு தடை செய்தது. பெல்ஜியத்தில் நடந்ததைப் பார்த்து அரண்டுபோன நாடுகள் கூடி 1924-இல் பாரிஸில் ஏற்படுத்தியதுதான் இன்றைய உலக விலங்கு நல அமைப்பு. வெக்கை நோய் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக 2011-இல் அறிவித்தார்கள்.

தடைக்குப் பிறகு விதிவிலக்காகச் சில முறை மட்டும் மாடுகள் போயின. எல்லாம் சேர்த்தாலும் இந்தியாவிலிருந்து போனவை சில ஆயிரம்தான். இன்று பிரேசிலில் 20 கோடிக்கு மேல் மாடுகள், அவற்றில் பெரும்பகுதி நெலோரே அல்லது நெலோரே கலப்பு. சில ஆயிரத்திலிருந்து கோடிக்கு எப்படி வந்தார்கள்? கணக்கு எளிது. உள்ளூர்ப் பசுவுக்கு இந்தியக் காளை சேர்த்தால் கன்று பாதி. அந்தக் கிடாரிக்கு மறுபடி இந்தியக் காளை என்றால் முக்கால். அடுத்தது எட்டில் ஏழு, பிறகு பதினாறில் பதினைந்து, ஐந்தாம் தலைமுறையில் முப்பத்திரண்டில் முப்பத்தொன்று. அதாவது ஏறக்குறைய 97 சதவீதம். திமில் வந்துவிடும், நிறம் வந்துவிடும், காது வந்துவிடும். பார்த்தால் முழு இந்திய மாடு.

ஆனால் தாயிடமிருந்து மட்டுமே கன்றுக்குப் போகும் ஒரு சிறு மரபணுத் தொகுதி உண்டு. உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற பகுதியில் அது இருக்கிறது. எத்தனை தலைமுறை இந்தியக் காளை சேர்த்தாலும் அது மாறாது. 1990களின் கடைசியில் பிரேசில் ஆய்வாளர்கள் இதைப் பரிசோதித்தபோது, பல நெலோரே மாடுகளின் தாய்வழி திமில் இல்லாத கிளையைச் சேர்ந்தது என்று தெரிந்தது. உருவத்தில் ஒங்கோல் காளையின் வாரிசு, தாய்வழியில் போர்ச்சுகீசியர்கள் கப்பலில் கொண்டுவந்த பசுவின் பேத்தி. இதைக் 'கலப்படம்' என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. புதிய மண்ணில் ஓர் இனம் இப்படித்தான் பிறக்கும்.

ஒரு காலத்தில் நெலோரே அங்கே முன்னணியிலும் இல்லை. இந்தியாவின் கிர், காங்ரெஜ், ஒங்கோல் மூன்றையும் கலந்து இந்துபிரேசில் என்ற இனத்தை உருவாக்கி, அதன் நீண்டு தொங்கும் காதுக்காகவே பெரும் விலை கொடுத்தார்கள். காது நீளத்தால் பாலும் கூடாது, கறியும் கூடாது. அந்த மோகம் அடங்கிய பிறகு இந்துபிரேசில் சுருங்கிவிட்டது. 1938-இல் திமில் மாடுகளுக்கு அதிகாரப்பூர்வ வம்சப் பதிவு தொடங்கியது, நெலோரேவுக்குத் தனிப் பக்கம் கிடைத்தது. 1960களின் தொடக்கத்தில் மீண்டும் சில காளைகள் இந்தியாவிலிருந்து போயின. அவற்றுள் மிகப் பெயர் பெற்றது கரவடி. அது ஒங்கோலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊரின் பெயர். இன்றைய நெலோரே வம்சாவளிகளைப் புரட்டினால் கரவடி திரும்பத் திரும்ப வரும். அதே காலத்தையொட்டி பிரேசிலின் நடுப்பகுதிப் புல்வெளிகளில் ஆப்பிரிக்கப் புல் வகைகளை விதைத்துப் பெரும் மேய்ச்சல் நிலங்களாக மாற்றினார்கள். அந்தப் புல்லைத் தின்று, அந்த வெயிலில் நின்று, ஆள் உதவி இல்லாமல் கன்று ஈன்று வளர்க்கக்கூடிய மாடு நெலோரே. நாட்டையே அது நிறைத்தது இப்படித்தான்.

இப்போது ஓர் ஒங்கோல் எருதையும் ஒரு நெலோரே காளையையும் பக்கத்தில் நிறுத்தினால் என்ன தெரியும்? முன்னது தோளில் கனம், பின்னது தொடையில் கனம். ஏர் இழுக்கும் மாட்டுக்கு வலிமை முன்பக்கம் வேண்டும். கறிக்கோ விலை அதிகமுள்ள சதை முதுகிலும் பின்தொடையிலும் இருக்கிறது, அதனால் அங்கே தேர்வு அந்தப் பக்கம் போயிற்று. வயிற்றடியில் தொங்கும் தோல் மடிப்பைப் பாருங்கள். நம் ஊரில் கழுத்தடியில் தொங்கும் அலைதாடியும் தொப்புள் மடிப்பும் தளர்ந்து தொங்குவது ஓர் அழகு. அங்கே இடுப்புயரப் புல்லிலும் புதரிலும் நடக்கும் காளைக்கு அந்த மடிப்பு கிழிந்து புண்ணாகும், இனச்சேர்க்கையே கெட்டுவிடும். அதனால் மடிப்பு இறுகிய காளைகளையே தேர்ந்தெடுத்து வந்திருக்கிறார்கள். கொம்பே இல்லாத நெலோரே வகைக்கும் தனிப் பதிவு உண்டு. குணமும் வேறு. ஒங்கோல் எருது தினமும் மனிதக் கைபட்டு வளர்வது. ஆயிரக்கணக்கில் மேயும் நெலோரே ஆளைக் கண்டால் மிரளும்.

தேர்வு செய்யும் கருவியும் மாறிவிட்டது. பிரேசிலில் எடை, முதல் ஈற்று வயது, ஒலி அலைக் கருவியால் அளந்த முதுகுச் சதையின் பரப்பு எல்லாம் கணினியில் ஏறி, காளைக்கு மதிப்பெண் விழுகிறது. வியாடினாவின் விலையும் அதிலிருந்து வருவதுதான். அதன் சினை முட்டைகளை எடுத்து, ஆய்வகத்தில் கருவாக்கி, வேறு பசுக்களின் வயிற்றில் வளர்க்கலாம். வியாடினாவே அப்படி ஆய்வகக் கருவில் பிறந்ததுதான். கோயில் காளை ஊருக்கு ஒன்று. இங்கே ஒரு பசுவின் மரபு நாடெங்கும் போகிறது.

அமெரிக்காவில் இன்னொரு வழி. நெலோரே, கிர், காங்ரெஜ், கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடு எல்லாவற்றையும் கலந்து ஒன்றாக்கி, 1924-இல் சங்கம் வைத்து, பிராமன் என்று புதுப் பெயரே சூட்டிவிட்டார்கள். அந்தப் பெயரில் இந்தியாவில் ஒரு மாடும் கிடையாது.

இதற்கிடையில் ஒங்கோலில் இருந்த ஒங்கோல் மட்டும் மாறாமல் நின்றதா? இல்லை. டிராக்டர் வந்ததும் அதன் முதல் வேலை போனது. பாலுக்கு முர்ரா எருமை வந்தது. மேய்ச்சல் நிலம் வயலானது. 2002-இல் ஹைதராபாத்தில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமாக ஒங்கோல் காளையைத்தான் வைத்தார்கள், ஆனால் ஊரில் எண்ணிக்கை குறைந்துகொண்டிருந்தது. இன்று பல குடும்பங்கள் ஒங்கோல் காளைகளை வைத்திருப்பது சங்கராந்தி, உகாதி சமயத்தில் நடக்கும் கல் இழுக்கும் போட்டிக்காக. பால் பல், இரண்டு பல், நான்கு பல் என்று வயதுவாரியாகப் பிரித்து, டன் கணக்கில் கனக்கும் கல்லை இழுக்க விடுவார்கள். நாள் முழுக்க உழும் பொறுமை அங்கே வேண்டியதில்லை, சில நிமிடங்களில் கொட்டும் பலம்தான் வேண்டும். அதற்கேற்ற காளையே பொலிகாளையாகத் தேர்வானால் மெல்ல மெல்ல ஒங்கோலும் வேறாகும். 1868-இல் கப்பலேறிய மாட்டின் அச்சு இன்று கரையின் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

அதனால் 'சுத்தமான நாட்டு மாடு' என்று யாராவது சொன்னால், எந்தக் காலத்து, எந்த வேலைக்கான மாடு என்று கேட்பது நியாயம். இந்தியாவில் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனம் இனங்களை ஆராய்ந்து பதிவு செய்கிறது. தமிழ்நாட்டின் காங்கேயம், பர்கூர், உம்பளச்சேரி, ஆலம்பாடி, புலிக்குளம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் நாட்டின் உள்நாட்டு மாடுகளில் பெரும்பகுதி எந்த இனத்திலும் சேராதவை என்றே கணக்கெடுப்பில் வருகின்றன. அவை தரம் குறைந்தவை என்று நினைக்க வேண்டாம். அவற்றைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த விவாதம் இப்போது கிர் மாட்டை வைத்து நடக்கிறது. குஜராத்திலிருந்து பிரேசிலுக்குப் போன கிர், 1985 முதல் அங்கே பால் கணக்கை வைத்து முறையாகத் தேர்வு செய்யப்பட்டு, நிறையக் கறக்கிறது. அதன் உறைவிந்தைத் திருப்பி இறக்குமதி செய்யலாம் என்ற பேச்சு இந்தியாவில் பல ஆண்டுகளாக உண்டு. வரட்டும், தவறில்லை. ஆனால் வருவது பிரேசில் கிர் என்று உறைவிந்தை அடைத்து வரும் குச்சியிலும் பதிவேட்டிலும் தனியாக எழுத வேண்டும். நல்ல தீவனத்தோடு பாலுக்காகவே தேர்ந்தெடுத்த மாடு அது. குஜராத்தின் சௌராஷ்டிராவில் மால்தாரிகள் என்ற மேய்ச்சல் மக்களின் மந்தையில் காய்ந்த புல்லை மேய்ந்து, கோடையைத் தாண்டி, ஆண்டுக்கணக்கில் ஈன்று நிற்கும் கிர் வேறு தேர்வில் வந்தது. இரண்டையும் ஒரே பெயரில் கலந்துவிட்டால் பின்னது எங்கே போயிற்று என்றே தெரியாது. அந்தக் குச்சி அங்கே போவதற்கு முன்னால், மால்தாரி மந்தையின் ஒவ்வொரு பொலிகாளைக்கும் அதன் தாய் எத்தனை ஈற்று ஈன்றது, எவ்வளவு கறந்தது, வறட்சி ஆண்டில் எப்படித் தாங்கியது என்று அவர்கள் வாயால் கேட்டு எழுதத் தொடங்க வேண்டும்.